பயன்படுத்திய அலைவுகாட்டியைத் தேர்ந்தெடுத்தல்

அலைவுகாட்டி என்பது மின்னழுத்தம் நேரத்துக்கேற்ப மாறுவதைத் திரையில் வரைபடமாகக் காட்டும் அளவிடும் கருவி ஆகும். இது ஆசிலோஸ்கோப் என்றும், கல்லூரி ஆய்வகங்களில் சி.ஆர்.ஓ. என்றும் அழைக்கப்படுகிறது. வீட்டில் மின்னணுவியல் பயில்வோர் மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், மின்வழங்கி ஆகியவற்றுக்கு அடுத்ததாக வாங்க விரும்பும் கருவி பெரும்பாலும் இதுவே. புதிய கருவியின் விலை மாணவர்களுக்கு எட்டாத நிலையில், ஆய்வகங்களும் தொழிற்சாலைகளும் கழித்துவிட்ட பழைய கருவிகள் ஒரு மாற்று வழியாக அமைகின்றன. ஆனால் பழைய அலைவுகாட்டியின் உண்மையான விலை, விற்பவர் சொல்லும் தொகை மட்டுமன்று. எந்தப் பகுதி பழுதானால் மாற்ற முடியும், எந்தப் பகுதி பழுதானால் கருவியே பயனற்றுப்போகும் என்பதை அறிந்து வாங்குவதே பணத்தைக் காக்கும்.

அலைவுகாட்டியின் தேவை

மல்டிமீட்டர் ஓர் எண்ணை மட்டுமே காட்டும். 5 வோல்ட் மின்வழங்கியில் அது 5.02 எனக் காட்டினால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். அதே இணைப்பில் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அரை வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாலும் மல்டிமீட்டரின் நேர்மின் அளவீட்டில் அது தெரியாது. மைக்ரோகன்ட்ரோலர் காரணமின்றி மீண்டும் மீண்டும் தொடக்க நிலைக்குத் திரும்புவது, ஒலிபெருக்கியில் இரைச்சல் வருவது, உணரியிலிருந்து தவறான தரவு வருவது போன்ற பல பழுதுகளின் காரணம் இத்தகைய அலைவுகளில் ஒளிந்திருக்கும். அவற்றின் வடிவம், வீச்சு, அதிர்வெண், இரு சைகைகளுக்கு இடையிலான கால வேறுபாடு ஆகியவற்றைக் கண்ணால் காண அலைவுகாட்டி தேவைப்படுகிறது.

வரலாற்றுப் பின்னணி

எதிர்மின் கதிர்க்குழாயைக் கொண்டு மின் அலைவுகளைக் காட்டும் முறையைச் செருமானிய இயற்பியலாளர் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் 1897ஆம் ஆண்டு உருவாக்கினார். 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தொடங்கப்பட்ட டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், 1947இல் 511 என்ற கருவியை வெளியிட்டது. சைகை குறிப்பிட்ட மின்னழுத்தத்தை எட்டும்போது மட்டும் ஒளிப்புள்ளி நகரத் தொடங்கும் டிரிகர் முறை அதில் இருந்தது. இதனால் திரையில் அலை ஓடாமல் நிலையாக நின்றது.

1970கள் முதல் 1990கள் வரை வெளிவந்த கருவிகள் அன்று பெரும் விலைக்கு விற்கப்பட்டவை; நீண்ட காலம் உழைக்கும்படி கட்டப்பட்டவை. டிஜிட்டல் கருவிகள் பரவியபின் ஆய்வகங்கள் அவற்றைக் கழிக்கத் தொடங்கின. நல்ல அலைவுகாட்டிகள் குறைந்த விலைக்குக் கிடைப்பதன் காரணம் இதுவே.

பட்டையகலத்தைத் தீர்மானித்தல்

அலைவுகாட்டியின் முகப்பில் 20, 60, 100 மெகாஹெர்ட்ஸ் என எழுதப்பட்டிருப்பது அதன் பட்டையகலம் ஆகும். இவ்வெண் அதுவரை துல்லியமாக அளக்கலாம் என்பதைக் குறிப்பதில்லை. அந்த அதிர்வெண்ணில் உள்ள சைன் அலை, உண்மையான வீச்சில் சுமார் 70.7 விழுக்காடாகச் சுருங்கித் தெரியும் என்பதே அதன் பொருள். 100 மெகாஹெர்ட்ஸ் அலையை 100 மெகாஹெர்ட்ஸ் கருவியில் அளந்தால் 1 வோல்ட், ஏறத்தாழ 0.7 வோல்ட்டாகக் காட்சி தரும்.

சதுர அலைக்கு இன்னும் கூடுதலான பட்டையகலம் வேண்டும். அது அடிப்படை அதிர்வெண்ணுடன் அதன் 3, 5, 7 மடங்கு அதிர்வெண்களும் சேர்ந்து உருவானது. ஆகவே, காண வேண்டிய சதுர அலையின் அதிர்வெண்ணைப் போல் 5 மடங்கு பட்டையகலம் இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. 8 மெகாஹெர்ட்ஸ் சதுர அலையை 20 மெகாஹெர்ட்ஸ் கருவியில் பார்த்தால் அது ஏறக்குறைய சைன் அலை போலவே தெரியும். ஏனெனில், அதன் மூன்றாம் மடங்கே 24 மெகாஹெர்ட்ஸ் ஆகிவிடுகிறது.

எழுநேரத்தைக் கொண்டும் இதைக் கணக்கிடலாம். 0.35ஐப் பட்டையகலத்தால் வகுத்தால் கருவியின் எழுநேரம் கிடைக்கும். 20 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு அது 17.5 நானோநொடி, 100 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு 3.5 நானோநொடி. இதைவிட வேகமாக எழும் விளிம்பைக் கருவியால் உள்ளபடி காட்ட இயலாது.

வீட்டுப் பணிமேசையில் வழக்கமாக வரும் வேலைகளும் அவற்றுக்கான தேவையும் பின்வருமாறு:

• ஒலிப்பெருக்கிச் சுற்றுகள் (20 கிலோஹெர்ட்ஸ் வரை): எந்தப் பழைய கருவியும் போதும்.
• 115200 பாட் வேகத் தொடர் தகவல்தொடர்பு, 400 கிலோஹெர்ட்ஸ் ஐ2சி இணைப்பு: 20 மெகாஹெர்ட்ஸ் போதும். ஆனால் ஒருமுறை மட்டும் வந்து போகும் தரவைப் படிக்க டிஜிட்டல் கருவி தேவை.
• எஸ்.எம்.பி.எஸ். வகை மின்வழங்கிகள்: இயங்கும் அதிர்வெண் சுமார் 100 கிலோஹெர்ட்ஸ் என்றாலும், மாஸ்ஃபெட் விளிம்புகள் சில பத்து நானோநொடிகளில் முடிந்துவிடும். 50 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் உகந்தது.
• ஆர்டுயினோ ஊனோவின் 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரச் சைகை: சதுர வடிவைக் காண 80 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வேண்டும்.

பயில்வோர் பலருக்கு இரு சேனல் கொண்ட 20 அல்லது 30 மெகாஹெர்ட்ஸ் கருவியே சில ஆண்டுகளுக்குப் போதுமானதாக இருக்கும். ஒற்றைச் சேனல் கருவியைத் தவிர்ப்பது நல்லது. உள்ளீட்டையும் வெளியீட்டையும் ஒருங்கே ஒப்பிட முடியாவிட்டால் கருவியின் பாதிப் பயன் போய்விடும்.

அனலாக் வகையும் டிஜிட்டல் வகையும்

அனலாக் அலைவுகாட்டியில் சைகை பெருக்கப்பட்டு நேரடியாக எதிர்மின் கதிரை வளைக்கிறது. திரும்பத் திரும்ப வரும் அலைகளை இது தாமதமின்றி இயல்பாகக் காட்டும். குமிழ்களைத் திருப்பி அடிப்படைகளைக் கற்க இது ஏற்றது. ஒரே ஒருமுறை வந்து மறையும் சைகையை இதில் நிறுத்தி வைத்துப் பார்க்க முடியாது என்பது இதன் பெரிய குறை.

டிஜிட்டல் அலைவுகாட்டி சைகையைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் மாதிரியெடுத்து நினைவகத்தில் சேமிக்கிறது. பழைய டிஜிட்டல் கருவியை வாங்கும்போது பட்டையகலத்தோடு மாதிரியெடுப்பு வீதம், நினைவக நீளம் ஆகிய இரண்டையும் பார்க்க வேண்டும்.

எச்.பி. 54600பி என்ற கருவி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பட்டையகலம் 100 மெகாஹெர்ட்ஸ். மாதிரியெடுப்பு வீதமோ நொடிக்கு 2 கோடி மட்டுமே. ஒரே மாதிரி மீண்டும் மீண்டும் வரும் அலையில், ஒவ்வொரு சுற்றிலும் சற்று வேறுபட்ட இடத்தில் மாதிரியெடுத்துத் தொகுப்பதால் 100 மெகாஹெர்ட்ஸ் அங்கே சாத்தியமாகிறது. ஒருமுறை மட்டும் வரும் சைகைக்கு அதன் பட்டையகலம் 2 மெகாஹெர்ட்ஸ்தான். முகப்பில் உள்ள எண்ணை மட்டும் நம்புவோர் ஏமாறும் இடம் இது.

நினைவகத்தின் விளைவை டெக்ட்ரானிக்ஸ் டி.டி.எஸ்.210 கருவியைக் கொண்டு அறியலாம். இதன் பட்டையகலம் 60 மெகாஹெர்ட்ஸ், மாதிரியெடுப்பு வீதம் நொடிக்கு 100 கோடி, நினைவகம் 2500 புள்ளிகள். ஒரு நொடி நீளமுள்ள நிகழ்வை முழுவதுமாகப் பதிவு செய்தால் இரண்டு புள்ளிகளுக்கு இடையே 400 மைக்ரோநொடி இடைவெளி விழும். 115200 பாட் வேகத்தில் ஒரு பிட் சுமார் 8.7 மைக்ரோநொடி மட்டுமே நீடிப்பதால், இடையில் வந்த தரவு முழுவதும் நழுவிவிடும். குறுகிய நேரப் பகுதியை மட்டும் டிரிகர் மூலம் பிடித்தால் அதே கருவி நன்றாகப் பயன்படும்.

சந்தையில் காணப்படும் கருவிகள்

இந்தியப் பாலிடெக்னிக்குகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் நெடுங்காலம் பயன்பட்டவை 20, 30 மெகாஹெர்ட்ஸ் இரு சேனல் அனலாக் கருவிகளே. சயின்டிபிக், ஆப்லாப் போன்ற இந்திய நிறுவனங்களின் கருவிகள் இவ்வகையில் அடிக்கடி தென்படுகின்றன. செருமனியின் ஹாமெக் நிறுவனத்தின் எச்.எம்.203 வரிசை, ஜப்பானின் ஹிட்டாச்சி வி-212 ஆகியவையும் 20 மெகாஹெர்ட்ஸ் வகையைச் சேர்ந்தவை. இவற்றின் சுற்றுகள் எளியவை என்பதால் பழுதுபார்ப்பதும் எளிது.

டெக்ட்ரானிக்ஸ் 465 (100 மெகாஹெர்ட்ஸ்), 475 (200 மெகாஹெர்ட்ஸ்) ஆகியவை 1970களின் புகழ்பெற்ற கருவிகள். இவற்றின் சேவைக் கையேட்டில் முழுச் சுற்றுப்படம், சோதனைப் புள்ளிகளின் மின்னழுத்தம், சரிசெய்யும் முறை ஆகிய யாவும் உள்ளன. கையேடுகள் இணையத்திலும் கிடைக்கின்றன. 1980களில் வந்த 2465 நான்கு சேனல் கொண்ட 300 மெகாஹெர்ட்ஸ் கருவி. திறனில் சிறந்ததாயினும் அந்நிறுவனமே தனக்கெனத் தயாரித்த சிப்புகள் இதில் மிகுதி. கிடைமட்ட விலகலை இயக்கும் யூ800 என்ற சிப் பழுதாவது பரவலாக அறியப்பட்ட குறைபாடு ஆகும்.

மாற்றக்கூடிய பழுதும் மாற்ற இயலாத பழுதும்

பழைய கருவியில் பழுது இருப்பது வியப்பன்று. அப்பழுது எவ்வகையைச் சேர்ந்தது என்பதே விலையைத் தீர்மானிக்க வேண்டும்.

எளிதில் சரிசெய்யக்கூடியவை:

• உலர்ந்துபோன மின்பகுளி மின்தேக்கிகள். மின்வழங்கிப் பகுதியில் இவற்றை மாற்றுவது குறைந்த செலவில் முடியும்.
• குமிழ்களிலும் சுழல் சுவிட்சுகளிலும் படிந்த அழுக்கு. திருப்பும்போது கோடு துள்ளினால் பெரும்பாலும் இதுவே காரணம். தொடர்புப்புள்ளிகளைத் துப்புரவாக்கும் திரவம் போதும்.
• உடைந்த குமிழ், தளர்ந்த பி.என்.சி. இணைப்பி, பழைய மின்கம்பி.
• கோடு சற்றுச் சாய்ந்து தெரிவது. டிரேஸ் ரொட்டேஷன் என்ற திருகைத் திருப்பினால் நேராகும்.

சரிசெய்ய அரிதானவை:

• எதிர்மின் கதிர்க்குழாய். அதே மாதிரிக் குழாயை வேறொரு பழுதான கருவியிலிருந்து எடுத்தாலன்றி மாற்று கிடைப்பது கடினம்.
• நிறுவனமே தயாரித்த தனிச் சிப்புகளும் ஹைப்ரிட் தொகுதிகளும்.
• உயர் மின்னழுத்த மின்மாற்றி.
• உள்ளீட்டு அட்டெனுவேட்டர் தொகுதியில் எரிந்த பகுதிகள்.

1990களின் சில டிஜிட்டல் கருவிகளுக்குத் தனிக் குறை ஒன்று உண்டு. டெக்ட்ரானிக்ஸ் டி.டி.எஸ்.500 வரிசை போன்றவற்றில் பலகையின் மேல் ஒட்டப்பட்ட சிறு மின்பகுளி மின்தேக்கிகள் கசிந்து, செப்புத் தடங்களை அரித்துவிடும். மேலும், அளவுத்திருத்தத் தரவை மின்கலம் உள்ளடங்கிய நினைவகச் சிப்பில் வைத்திருக்கும் கருவிகளில், அம்மின்கலம் தீர்ந்தால் தரவும் அழிந்துவிடும். எனவே, இயங்கும் நிலையிலேயே அத்தரவைப் படி எடுத்துவைப்பது அறிவுறுத்தப்படுகிறது.

வாங்கும் இடங்கள்

சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. சாலை, மும்பை லேமிங்டன் சாலை ஆகியவை மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற சந்தைகள். இங்கு நேரில் இயக்கிப் பார்த்து வாங்கலாம் என்பது பெரிய நன்மை. கல்லூரிகளும் ஆய்வகங்களும் கழித்த பொருள்களை ஏலத்தில் விடுவதுண்டு. நடுவண் அரசு நிறுவனங்களின் கழிவுப் பொருள்கள் எம்.எஸ்.டி.சி. நிறுவனத்தின் மின்னேலத்தில் வருகின்றன. ஆனால் ஏலத்தில் பெரும்பாலும் மொத்தமாகவும், உள்ளது உள்ளபடியும் விற்கப்படுவதால் தனியொருவருக்கு அது பொருந்துவது குறைவு.

இணையவழியில் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதில் அஞ்சல் செலவும் சுங்க வரியும் சேரும். எடைமிக்க அனலாக் கருவிக்கு இவை கருவியின் விலையையே விஞ்சிவிடக்கூடும். கண்ணாடிக் குழாய் வழியில் உடையும் ஆபத்தும் உண்டு. "மின்சாரம் ஏறுகிறது, சோதிக்கப்படவில்லை" என்ற விளம்பரத்தைப் பழுதான கருவி என்றே கொள்வது பாதுகாப்பானது.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

சோதிக்கச் செல்லும்போது ஒரு புரோப், 1.5 வோல்ட் மின்கலம், சதுர அலை தரும் நிரல் ஏற்றிய ஆர்டுயினோ பலகை ஆகியவற்றை எடுத்துச் செல்வது போதுமானது.

1. பின்புறத்தில் உள்ள மின்னழுத்தத் தேர்வியைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த கருவி 115 வோல்ட்டில் வைக்கப்பட்டிருக்கலாம். அதை 230 வோல்ட்டில் செருகினால் அக்கணமே பழுதாகும்.
2. திரையை அணைந்த நிலையில் நோக்க வேண்டும். நடுவே பழுப்புக் கோடு இருந்தால் ஒளிர்பூச்சு எரிந்துள்ளது என்று பொருள்.
3. இயக்கியபின் கோடு மெல்லியதாகவும் கூர்மையாகவும் வர வேண்டும். ஒளிர்வுக் குமிழை முழுவதும் திருப்பினால்தான் கோடு தெரிகிறது என்றால் குழாய் தேய்ந்திருக்கலாம்.
4. 20 நிமிடம் ஓடவிட வேண்டும். வெப்பமேறியபின் மறையும் கோடு, நகர்ந்துகொண்டே இருக்கும் கோடு, எரியும் நெடி ஆகியவை அப்போதுதான் வெளிப்படும்.
5. முகப்பில் உள்ள அளவுத்திருத்த முனை பொதுவாக 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைத் தரும். அதை இரு சேனல்களிலும் பார்க்க வேண்டும். வேரியபிள் குமிழ்கள் கால் என்ற நிலையில் இருக்க வேண்டும்.
6. மின்கலத்தை இணைத்து, வோல்ட் தேர்வியை ஒவ்வொரு படியாக மாற்ற வேண்டும். எல்லாப் படிகளிலும் அளவு ஒத்துவர வேண்டும். அனலாக் கருவிகளில் 3 விழுக்காடு வேறுபாடு இயல்பானது.
7. ஆர்டுயினோவின் சதுர அலையைக் கொண்டு கால அளவுத் தேர்வியின் படிகளைச் சரிபார்க்கலாம். ஊனோ பலகையின் 5, 6 எண் முனைகளில் சுமார் 980 ஹெர்ட்ஸும், ஏனைய பி.டபிள்யூ.எம். முனைகளில் சுமார் 490 ஹெர்ட்ஸும் கிடைக்கும். டைமரை நேரடியாக அமைத்தால் 8 மெகாஹெர்ட்ஸ் வரை பெறலாம்.
8. டிரிகர் குமிழைத் திருப்பி, அலை நிலையாக நிற்கிறதா என்று ஏறும் விளிம்பு, இறங்கும் விளிம்பு இரண்டிலும் பார்க்க வேண்டும்.

இச்சோதனைகளை மறுக்கும் விற்பனையாளரிடம், உதிரிப்பாகங்களுக்கான விலையைத் தவிரக் கூடுதலாகக் கொடுப்பதில் பயனில்லை.

புரோப்

அலைவுகாட்டியோடு புரோப் வருவது அரிது. இரண்டு புதிய 10:1 புரோப்களின் விலையைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். வழக்கமான அலைவுகாட்டியின் உள்ளீட்டு மின்தடை 1 மெகா ஓம். 10:1 புரோப்பில் உள்ள 9 மெகா ஓம் அதனுடன் தொடரில் சேர்ந்து சைகையைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கிறது. இதனால் சோதிக்கப்படும் சுற்றின் மீதான சுமையும் குறைகிறது. 1:1 நிலையில் பயன்படுத்தினால் பட்டையகலம் பொதுவாக 10 மெகாஹெர்ட்ஸுக்கும் கீழே போய்விடும். 100 மெகாஹெர்ட்ஸ் கருவியும் அப்போது மிகச் சாதாரணக் கருவியாகிவிடுகிறது. புதிய புரோப்பை இணைத்தவுடன், அளவுத்திருத்தச் சதுர அலையின் மேற்பகுதி தட்டையாகும்வரை அதிலுள்ள சிறு திருகைச் சரிசெய்ய வேண்டும்.

பாதுகாப்பு

மின்னிணைப்பில் இயங்கும் அலைவுகாட்டிகளில் புரோப்பின் முதலைக் கவ்வி, கருவியின் உலோக உடலோடும் சுவர்ச் செருகியின் எர்த் முனையோடும் நேரடியாக இணைந்திருக்கும். இதை அறியாமல் எஸ்.எம்.பி.எஸ். மின்வழங்கியின் முதன்மைப் பக்கத்தில் கவ்வியைப் பொருத்தினால் குறுக்குச் சுற்று ஏற்படும். 230 வோல்ட் மாறுமின்சாரத்தை நேராக்கினால் அங்கு சுமார் 325 வோல்ட் இருக்கும். கருவி, சோதிக்கப்படும் சுற்று, அளப்பவர் ஆகிய அனைவருக்கும் அது ஆபத்து.

இதைத் தவிர்ப்பதாக எண்ணிச் செருகியின் எர்த் முனையை வெட்டிவிடும் வழக்கம் உயிருக்கே உலை வைப்பதாகும். அப்போது அலைவுகாட்டியின் உலோக உடல், கவ்வி தொடும் மின்னழுத்தத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளும். குமிழைத் தொடுபவர் மின்னதிர்ச்சிக்கு ஆளாவார். சோதிக்கப்படும் சுற்றைத் தனிப்படுத்தும் மின்மாற்றி வழியே இயக்குவதும், டிஃபரன்ஷியல் புரோப்பைப் பயன்படுத்துவதும் முறையான வழிகள். பயிலும் நிலையில் மின்கலத்திலும், 12 வோல்ட்டுக்குட்பட்ட தனிப்படுத்தப்பட்ட மின்வழங்கியிலும் இயங்கும் சுற்றுகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எர்த் இல்லாத சுவர்ச் செருகியில் கருவியை இயக்கக் கூடாது.

கருவியின் மூடியைத் திறப்பதும் எச்சரிக்கைக்குரியது. எதிர்மின் கதிர்க்குழாய்க்கு 20 மெகாஹெர்ட்ஸ் கருவிகளில் சுமார் 2 ஆயிரம் வோல்ட்டும், 100 மெகாஹெர்ட்ஸ் கருவிகளில் 10 ஆயிரம் வோல்ட்டுக்கு மேலும் தரப்படுகிறது. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் இம்மின்னூட்டம் தங்கியிருக்கும். அனுபவமில்லாதவர் தனியே பழுதுபார்க்க முற்படக் கூடாது.

புதிய மலிவுக் கருவிகளோடு ஒப்பீடு

புதிய கருவிகளின் விலை குறைந்துவருவதால் ஒப்பீடு இன்றியமையாதது. மலிவாகக் கிடைக்கும் டி.எஸ்.ஓ.138 போன்ற சிறு தொகுப்புகளின் பட்டையகலம் 200 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே. ஒலிச் சுற்றுகளுக்கு அது உதவும். கணினியோடு இணையும் ஹான்டெக் 6022பி.இ. 20 மெகாஹெர்ட்ஸ் பட்டையகலமும் நொடிக்கு 4 கோடியே 80 இலட்சம் மாதிரிகளும் கொண்டது. ரைகோல் டி.எஸ்.1054இசட், 50 மெகாஹெர்ட்ஸ் பட்டையகலத்துடனும் நான்கு சேனல்களுடனும் கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் கொண்ட நினைவகத்துடனும் வந்து, நுழைவுநிலைக் கருவிகளின் தரத்தை உயர்த்தியது.

ஆகவே, பழைய கருவியின் விலையோடு இரண்டு புரோப்கள், போக்குவரத்து, எதிர்பார்க்கப்படும் பழுதுநீக்கம் ஆகியவற்றைக் கூட்டி, வரும் தொகையை நுழைவுநிலைப் புதிய டிஜிட்டல் கருவியின் விலையோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் நெருங்கி வந்தால், உத்தரவாதமுள்ள புதிய கருவியே ஏற்றது. மிகக் குறைந்த விலைக்கு இயங்கும் 20 அல்லது 30 மெகாஹெர்ட்ஸ் அனலாக் கருவி கிடைத்தாலும், புதிய கருவியில் அதே விலைக்குக் கிடைக்காத பட்டையகலம் பழைய கருவியில் கிடைத்தாலும் பழையதை வாங்குவது பொருளுடையது. மைக்ரோகன்ட்ரோலர்களின் தரவுச் சைகைகளையே முதன்மையாக ஆராய விரும்புவோர் சிறிது காலம் பணம் சேர்த்து டிஜிட்டல் கருவி வாங்குவது மேல். வானொலி, ஒலிப்பெருக்கி, மின்வழங்கி ஆகியவற்றில் ஆர்வமுள்ளோருக்கு, நேரில் சோதித்து வாங்கிய நல்ல அனலாக் கருவி பல ஆண்டுகள் உழைக்கும்.